படியெடுத்துப் பயிலல்: தைலவண்ண உருவோவியக் கல்வி

மனித முகத்தை உள்ளவாறே எழுதிக் காட்டும் ஆற்றல் ஓவியக் கலையின் அரும்பேறுகளுள் ஒன்று. மலையை எழுதுவோன் ஒரு கொடுமுடியைச் சற்றே இடம்பெயர்த்து எழுதினும் காண்பார் அதனைக் குற்றமெனக் கொள்ளார். முகத்தை எழுதுவோன் இமையோரத்தில் ஒரு நூலளவு பிழைப்பினும், 'இஃது அவரன்று' எனச் சிறு குழந்தையும் கூறிவிடும். இத்துணை நுண்மை வாய்ந்த கலையை, அதிலும் தைலவண்ணம் என்னும் அரிய சாதனத்தைக் கொண்டு செய்யும் கலையை, மாணாக்கன் எவ்வாறு பயில்வது? பேராசான் ஒருவனின் நிறைவான ஓவியத்தை எதிரே வைத்துப் படியெடுத்துப் பயில்க என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் விடை. அவ்விடைக்கு எதிராக எழுந்த கண்டனமும் வலியதே. படியெடுத்தல் கையைப் பழக்கிக் கண்ணைக் குருடாக்கும் என்றும், பிறன் கண்ட உலகையே காணும் அடிமை மனத்தை வளர்க்கும் என்றும் கூறுவாருளர். இவ்விரு கூற்றுக்களையும் வரலாறு கொண்டும் தொழிலின் இயல்பு கொண்டும் ஆராய்ந்து, எத்தகைய படியெடுத்தல் பயன்தரும், எத்தகையது கேடு தரும் எனத் தெளிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மரபிற் படியெடுத்தல்

படியெடுத்துக் கற்றல் மேலைநாட்டார் நமக்குக் கொணர்ந்த புதுமையன்று. ஏடு தொடங்கும் சிறுவன் ஆசிரியன் எழுதிய எழுத்தின்மேலேயே விரலை ஓட்டி எழுத்தின் வடிவை அறிந்தான். சிற்பியின் பட்டறையிற் சேர்ந்த சீடன் ஆசான் வகுத்த அளவுகளையே பலகாலும் வரைந்து பழகினான். கண்டிநாட்டுச் சித்திரக்காரரின் பிள்ளைகள் வளைகோடுகளைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை தேர்ந்த முறையை, கொழும்பிற் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி தாம் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரித்துரைத்துள்ளார்.

ஏட்டுச் சுவடிகளின் வரலாறு இவ்விடத்து நமக்கு மற்றொரு பாடத்தையும் உணர்த்துகின்றது. ஓலை சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய எண்ணிறந்தோர் இலரேல், நம் பழைய நூல்கள் நம்மை வந்தடைந்திரா. ஆயின், பொருளுணராது எழுத்தை மட்டும் பார்த்துப் பெயர்த்தெழுதினார் கையிற் பிழைகள் மலிந்தன. பிழையேட்டிலிருந்து பிறிதோர் ஏடு பிறக்க, பிழை இரட்டித்தது. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், பல ஏடுகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடம் காண எத்துணை உழைக்கவேண்டியிருந்தது என்பதைத் தமிழுலகம் அறியும். பொருளுணர்ந்து எழுதுவோன் படியெடுக்கும்போதே கற்கின்றான். உணராது எழுதுவோன் பிழைகளைப் பெருக்குகின்றான். ஓவியத்துக்கும் இவ்வுண்மை ஒக்கும் என்பது போகப்போகத் தெளிவாகும்.

வரலாறு தரும் சான்றுகள்

மொகலாய அரசவை ஓவியர் படியெடுத்தலிற் பெரிதும் வல்லவர். அபுல் ஹசன் என்னும் சிறுவன், செருமானிய ஓவியர் டூரரின் செதுக்குப்படம் ஒன்றிலுள்ள அருளப்பர் உருவத்தை 1600ஆம் ஆண்டில், தன் பதின்மூன்றாம் வயதில், கோட்டோவியமாகப் பெயர்த்தெழுதினான். அவ்வோவியம் ஒக்ஸ்போட் நகரத்து அஷ்மோலியன் நூதனசாலையில் உளது. அச்சிறுவனே பின்னாளில் ஜகாங்கீர் மன்னரின் தலைசிறந்த ஓவியருள் ஒருவனாயினான். 1616இல் ஆங்கிலத் தூதர் சர் தோமஸ் றோ தம்மிடமிருந்த சிற்றோவியம் ஒன்றை அம்மன்னரிடம் காட்ட, அரசவை ஓவியன் அதற்குப் பல படிகள் எழுதினான். மெழுகுதிரி வெளிச்சத்தில் அவற்றிடையே தமது மூலத்தைப் பிரித்தறிய அரிதாயிருந்தது எனத் தூதர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

ஐரோப்பாவிலோ, புகழின் உச்சியை அடைந்தாரும் படியெடுத்தலைக் கைவிட்டிலர். பீற்றர் போல் ரூபன்ஸ் 1628இல் மத்ரித் நகர் சென்றபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அரசர் பலர் அவரோவியத்தை வேண்டி நின்ற காலம் அது. அங்கும் அவர் தமக்கு முந்திய நூற்றாண்டின் ஆசானாகிய திசியனின் ஓவியங்களைப் படியெடுத்தார். ஆதாமும் ஏவாளும் என்னும் திசியனின் ஓவியமும் ரூபன்ஸ் எழுதிய படியும் மத்ரித் பிறாடோ நூதனசாலையில் இன்றும் உள்ளன. ரூபன்ஸ் ஆதாமின் நிலையை மாற்றியிருக்கின்றார். மூலத்தில் இல்லாத கிளியொன்றையும் சேர்த்திருக்கின்றார். ஆசானுடன் உரையாடி, உடன்பட்டும் மறுத்தும் எழுதிய படி அது.

படியெடுத்தல் பட்டறைக் கல்வியின் உயிர்நாடியாய் இருந்தமைக்கு அதே நூதனசாலையிலுள்ள மோனலிசா ஓவியத்தின் பழைய படி ஒன்று சிறந்த சான்றாகும். அதன் பின்னணியை மூடியிருந்த கரிய பூச்சு நீக்கப்பட்டு 2012இல் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. லியனாடோ தம் ஓவியத்தின் அடிவரைவிற் செய்த திருத்தங்கள் இப்படியின் அடிவரைவிலும் காணப்பட்டன. முடிந்த ஓவியத்தைப் பார்த்து எழுதுவோனுக்கு மேற்பூச்சின்கீழ் மறைந்த திருத்தங்கள் தெரியா. ஆதலின், ஆசான் எழுத எழுத அருகிலிருந்து சீடன் ஒருவன் எழுதியதே இப்படி என ஆய்வாளர் முடிவுகட்டினர். அச்சீடனுக்குக் கிடைத்த கல்வி எது? ஓவியத்தின் தோற்றம் மட்டுமன்று. அது தோன்றிய முறையே அவனுக்குக் கிடைத்தது. இக்கட்டுரை வற்புறுத்தும் பொருளும் அதுவே.

இரவிவர்மாவின் கல்வி

நம் பக்கத்துச் சான்றாக அரசர் இரவிவர்மாவின் வரலாற்றைக் கொள்ளலாம். 1848இல் கிளிமானூரிற் பிறந்த இவர் 1862இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துவரப்பட்டார். அக்காலத்தில் தைலவண்ணம் அங்கு அரிய வித்தை. அதனை அறிந்தோர் பிறர்க்கு எளிதிற் கற்பித்திலர். மதுரையைச் சேர்ந்த அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுக்க, அவரிடம் பயின்ற ஆறுமுகம்பிள்ளை இரவில் மறைவாக வந்து தாம் அறிந்தவற்றைச் சொல்லிக்கொடுத்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மன்னரின் உருவத்தை எழுத வந்தார். அவரும் கற்பித்திலர், எழுதும்போது அருகிருந்து பார்க்கமட்டும் இசைந்தார். பார்த்ததை மனத்திற் கொண்டு, அரண்மனையிலிருந்த மேலைநாட்டுப் படங்களை ஆராய்ந்து, தாமே முயன்று கற்றார் இரவிவர்மா. ஐந்தாண்டுகளின் பின், 1873இல், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் மங்கையின் ஓவியத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஜென்சனின் முடிந்த ஓவியத்தை மட்டும் இரவிவர்மா கண்டிருந்தால், அதன் மேற்புறமே அவருக்குப் புலனாகியிருக்கும். எந்த வண்ணம் முன்னே, எது பின்னே, எங்கே எண்ணெய் மிகுந்தது, எங்கே குறைந்தது என்னும் ஒழுங்கைக் காணும் வாய்ப்பு, வாய்பேசா ஆசானின் அருகே அமர்ந்ததாற் கிடைத்தது.

பம்பாய்ச் சான்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. பம்பாய்க் கலைப்பள்ளி ஆசிரியர் ஜோன் கிறிபித்ஸ் தம் மாணாக்கருடன் 1872 முதல் 1885 வரை அஜந்தாச் சுவரோவியங்களைப் படியெடுத்தார். அம்மாணாக்கருள் ஒருவரான பெஸ்தோன்ஜி போமன்ஜி பின்னர்த் தைலவண்ண உருவோவியராகப் பெயர் பெற்றார். பழைய சுவரோவியத்தைப் படியெடுத்துத் தேர்ந்த கண், உயிருள்ளார் முகத்தை எழுதவும் தகுதி பெற்றது.

தைலவண்ணத்தின் இயல்பு

ஒழுங்கு இத்துணை இன்றியமையாததாதல் ஏன் என்பதைத் தைலவண்ணத்தின் இயல்பு விளக்கும். நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழைத்ததே தைலவண்ணம். நீர்வண்ணம் நீர் ஆவியாவதால் உலரும். ஆளிவிதை எண்ணெயோ ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல மெல்ல இறுகித் தோல்போன்ற படலமாகின்றது. எல்லா எண்ணெய்க்கும் இத்தன்மை இல்லை. நம் வீட்டிலுள்ள தேங்காயெண்ணெய் எத்தனை நாள் வைத்தாலும் இறுகாது. நல்லெண்ணெய் அரைகுறையாகவே இறுகும். ஆதலின், இவற்றிற் குழைத்த வண்ணம் ஒட்டுந் தன்மை நீங்காது தூசியை வாங்கிக் கெடும்.

இறுகுதல் மெதுவாக நடைபெறுவது உருவோவியர்க்கு ஒரு வரம். கன்னத்தின் ஒளியும் நிழலும் சந்திக்கும் இடத்தை ஈரம் உலருமுன் தூரிகையாற் குழைத்து இணைக்கலாம். அதுவே ஓர் இடருமாகும். கீழ்ப்பூச்சில் எண்ணெய் மிகுந்து மேற்பூச்சிற் குறைந்தால், மேலது முன்னே இறுக, கீழது பின்னர் அசைந்து சுருங்க, ஓவியம் வெடிக்கும். ஆகவே, முதற்பூச்சு டேர்பன்டைன் சேர்த்து மெலிந்ததாகவும், அடுத்தடுத்த பூச்சுக்கள் எண்ணெய் மிகுந்தனவாகவும் இருத்தல் வேண்டும். அம்பர் முதலிய மண்ணிறங்கள் விரைந்து உலரும். எலும்புக்கரியிலிருந்து செய்யும் கறுப்பு மிகத் தாமதித்து உலரும். இவற்றை அறியாதவன் கறுப்பை அடியிலே தடிப்பாகப் பூசிவிட்டுச் சில ஆண்டில் ஓவியம் பிளப்பதைக் காண்பான்.

படியெடுக்கும் முறை

படியெடுத்தற்கு ஏற்ற ஓவியம் யாது? அணிகளும் ஆடைகளும் மலிந்த ஓவியம் தொடக்கத்துக்கு ஆகாது. ஒரு தலை, ஒரு திசையிலிருந்து வரும் ஒளி, சில நிறங்கள் ஆகிய இவையே போதும். ஒல்லாந்த ஓவியர் வெர்மேர் ஏறத்தாழ 1665இல் எழுதிய முத்துக் குழையணிந்த பெண் இதற்கு மிகப் பொருத்தமானது. ஹேக் நகரத்து மவுறிற்சவுஸ் நூதனசாலையிலுள்ள இவ்வோவியம் 44.5 சதமமீற்றர் உயரமும் 39 சதமமீற்றர் அகலமுமே உடையது. இன்னார் என அறியப்படாத ஒரு பெண்ணின் முகம் அது. 2018இல் நூதனசாலையார் ஓவியத்துக்கு ஊறு நேராவண்ணம் பல கருவிகளைக்கொண்டு அதனை ஆராய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆசானருகே அமரும் பேறில்லாத நமக்கு, அவர் எழுதிய ஒழுங்கை ஒருவாறு காட்டித் தருவன அம்முடிவுகளே.

மாணாக்கன் முதலிற் கித்தானை ஆயத்தஞ் செய்க. மருதமுனைத் தறியோசை கேட்டு வளர்ந்தோர்க்குப் பாவும் ஊடும் எவ்வாறு அமைதல் வேண்டும் எனச் சொல்லவேண்டியதில்லை. இழை சீராகவும் நெருக்கமாகவும் உள்ள துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசை பூசி எண்ணெய் நூலில் ஊறாது தடுத்து, அதன்மேல் வெண்டளம் இடுக. பின்னர் அத்தளத்தில் மங்கிய மண்ணிறத்தை மெல்லப் பூசுக. தூய வெள்ளைமேல் எந்த நிறமும் இருண்டதாகவே தோன்றிக் கண்ணை ஏமாற்றும். இடைநிறத் தளம் ஒளியையும் நிழலையும் சரியாக மதிப்பிட உதவும்.

அடுத்தது வரைவு. மூலத்தின்மீதும் கித்தான்மீதும் ஒத்த கட்டங்கள் வகுத்து வரைதல் எளிய வழி. எனினும், கட்டங்களை முழுதும் நம்பியவன் கண் பழகாது. ஆதலின், முதலிற் கண்ணளவால் வரைந்து, பின்னர்க் கட்டங்களைக் கொண்டு திருத்துதல் நன்று. கண்கள் இரண்டையும் இணைக்கும் கோடு எத்துணைச் சாய்ந்தது, மூக்கின் நுனி எந்தக் கண்ணோரத்துக்கு நேர்கீழே நிற்கின்றது, காதின் அடி வாயின் எந்த மட்டத்தில் முடிகின்றது எனத் தனக்குத்தானே வினாவி விடைகாண்க. கண்ணாடியிற் படத்தையும் படியையும் தலைமாற்றிப் பார்த்தால், பழகிய கண்ணுக்குப் புலனாகாத பிழை தானே வெளிப்படும்.

மூன்றாவது, அடிப்பூச்சு. வெர்மேர் தம் ஓவியத்தைக் கபிலமும் கறுப்புமாகிய பலவகைச் சாயைகளில் தொடங்கினார் என்பதும், காது, தலைத்துணியின் மேல்விளிம்பு, கழுத்தின் பின்புறம் ஆகியவற்றின் இடத்தை எழுதும்போதே மாற்றினார் என்பதும் மேற்கூறிய ஆய்வு உணர்த்தியவை. பேராசானும் தேடித் திருத்தியே எழுதினார் என்பது மாணாக்கனுக்குப் பேராறுதலன்றோ? அவர் வழியைப் பின்பற்றி, நிறத்தை மறந்து, ஒளி நிழல் என்னும் இரண்டை மட்டும் மெலிந்த கபில நிறத்தால் அமைத்திடுக. கண்ணை அரைக்கண்ணாய் இடுக்கிப் பார்த்தால் நுண்விவரங்கள் மறைந்து, பெரிய நிழற்பரப்பும் பெரிய ஒளிப்பரப்பும் மட்டும் எஞ்சும். அவ்விரண்டும் சரியாயின் மூக்கும் வாயும் இல்லாமலே முகம் தோன்றத் தொடங்கும். அவை பிழைப்பின், ஒவ்வோர் இமைமயிரையும் எழுதினும் முகம் தோன்றாது.

நான்காவது, நிறம். வெர்மேர் பின்னணியையும் முகத்தையும் எழுதிய பின்னரே மஞ்சட் சட்டையையும், வெண் கழுத்துப்பட்டியையும், தலைத்துணியையும், முத்தையும் எழுதினார். அவர் வழங்கிய நிறப்பொருள்களுள் ஈயவெள்ளை, சாதிலிங்கம், செவ்வண்டிலிருந்து எடுத்த சிவப்பு, அவுரி நீலம் முதலியன உள. தலைத்துணியின் நீலம் இன்றைய ஆப்கானித்தானத்திலிருந்து வந்த இராசவர்த்தக் கல்லை அரைத்துப் பெற்றது. நம் மாணாக்கனுக்கு அவ்விலையுயர்ந்த பொருள் வேண்டா. செயற்கை முறையிற் செய்யும் அல்ட்ராமரைன் நீலம் எளிதிற் கிடைக்கும். ஈயவெள்ளை நஞ்சாதலின் அதனை விடுத்துத் தைற்றேனிய வெள்ளையைக் கொள்க. அதனோடு மஞ்சட்காவி, ஒரு சிவப்பு, சுட்ட சியன்னா, அம்பர், நீலம் ஆகிய ஐந்தும் போதும். ஒவ்வொரு நிறத்தையும் வண்ணப்பலகையிற் கலந்து, கத்தி நுனியில் எடுத்து மூலத்தின் அருகே பிடித்து ஒப்புநோக்கிய பின்னரே கித்தானில் இடுக. மூலத்தின் நிழல் சாம்பல் நிறமன்று, செம்மை கலந்த கபிலம் என்பதும், வெண்மையெனத் தோன்றிய கண்வெள்ளை உண்மையில் மங்கிய நீலச் சாம்பல் என்பதும் அப்போதுதான் விளங்கும்.

ஐந்தாவது, விளிம்புகள். உண்மைத் தோற்றம் நுண்விவரத்தால் வருவது எனத் தொடக்கத்தார் எண்ணுவர். வெர்மேரின் ஓவியத்தில் மூக்கின் தண்டுக்கும் அப்பாலுள்ள கன்னத்துக்கும் இடையே கோடே இல்லை. இரண்டும் ஒரே ஒளியில் கலந்து நிற்கின்றன. காண்போர் மனமே அங்கு மூக்கை நிறைவுசெய்கின்றது. முத்தோ, மேலே ஒளிவீச்சாக வெள்ளைத் தீற்று ஒன்றும், கீழே வெண்பட்டியின் மங்கிய எதிரொளியும் அன்றி வேறில்லை. அதனைக் காதில் மாட்டும் கொளுக்கிகூட எழுதப்படவில்லை. இவ்வளவையும் பார்த்து அறிந்துகொள்ளலாமே எனின், படியெடுக்கும் வரை மாணாக்கன் அங்கே கோடு இருப்பதாகவே நம்பியிருப்பான். தன் கையாற் கோட்டை எழுதி, முகம் மரப்பொம்மையாய் மாறக் கண்டு, அதனை அழிக்கும்போதே ஆசான் எதனை விட்டார் என்பது புலனாகும். எதனை எழுதாது விடுவது என்னும் அறிவை நூல் தருவதினும் படியெடுத்தல் தெளிவாகத் தரும்.

ஈற்றில், ஓவியம் உலர்வதற்குக் காலம் கொடுத்தல் வேண்டும். நம் கீழ்க்கரையில் வடகீழ்ப் பருவ மழைக்காலத்துக் காற்று ஈரம் மிகுந்தது. நெருக்கி மூடிவைத்த கித்தானிற் பூஞ்சணம் படரும். ஆதலின் அம்மாதங்களில் ஓவியத்தைச் சுவரோடு ஒட்டாது காற்றுப்படும் இடத்தில் வைத்து, தொட்டால் உலர்ந்தது போலிருப்பினும் ஆறு திங்களுக்கு மேல் பொறுத்தே வாணிசு பூசுக. படியை மூலத்தின் அளவில் எழுதாது சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ எழுதுதலும், பின்புறத்தில் மூல ஓவியர் பெயரையும் 'படி' என்னும் சொல்லையும் குறித்தலும் நேர்மையான வழக்கம். பாரிஸ் நகரத்து லூவர் நூதனசாலை 1793இல் திறக்கப்பட்ட காலந்தொட்டுப் படியெடுப்போரை வரவேற்று வந்துள்ளது. ஆயினும் மூலத்தின் அளவிலேயே எழுத அங்கு இசைவு தரப்படுவதில்லை. கல்விக்கும் கள்ளத்துக்கும் இடையே அவ்வளவு வேறுபாடே எல்லையாக நிற்கின்றது.

படியின் படி

நற்பிட்டிமுனையில் இருக்கும் மாணாக்கன் ஹேக் நகரையோ மத்ரித்தையோ கண்டு எழுதுதல் அரிது. அவன் கையில் இருப்பது அச்சுப்படமே. இங்கேதான் ஏட்டுச்சுவடியின் எச்சரிக்கை பயன்படுகின்றது. அச்சுப்படம் மூலமன்று, அதுவும் ஒரு படி. அதன் நிறம் அச்சகத்தின் மைக்கேற்ப மாறும். தூரிகையின் தடமும் வண்ணத்தின் தடிப்பும் அதில் மறையும். மூலமே காலத்தால் மாறியிருத்தலும் கூடும். வெர்மேரின் பெண்ணுக்குப் பின்னே இருப்பது வெறும் இருள் என உலகம் நம்பியிருந்தது. ஆய்வோ, அங்கே மடிப்புக்களுடன் கூடிய பச்சைத் திரை எழுதப்பட்டிருந்தது என்றும், நிறம் மங்கி இருளாயிற்று என்றும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இமைமயிர்களும் உள என்றும் காட்டியது. அச்சுப்படத்தைப் பார்த்துக் கறுப்பைப் பூசுவோன் வெர்மேரைப் படியெடுக்கவில்லை. காலம் செய்த சிதைவைப் படியெடுக்கின்றான்.

இரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவியபின் அவருடைய படங்கள் இல்லந்தோறும் சென்றன. அது நாட்டுக்குப் பெரும்பயன் விளைத்தது. ஆயினும், அவ்வச்சுப்படங்களைப் பார்த்துப் பிறர் எழுத, அவற்றைப் பார்த்து மற்றும் பலர் எழுத, நாள்காட்டிப் படங்களில் எல்லாத் தெய்வங்களுக்கும் எல்லா மங்கையர்க்கும் ஒரே வட்ட முகமும் ஒரே இளஞ்சிவப்புக் கன்னமும் வாய்த்தன. இரவிவர்மாவோ உயிருள்ள மனிதரை எதிரே இருத்தி எழுதியவர். அவரைப் பார்த்து எழுதியோர் பலர் அவரை மட்டுமே பார்த்தனர். அவர் பார்த்ததைப் பார்த்திலர்.

ஆனந்த குமாரசுவாமி 1907இல் இரவிவர்மாவின் ஓவியங்களைக் கடுமையாகக் கண்டித்து, அவை நாடகப்பாங்கானவை, இந்திய உள்ளத்தின் ஆழத்தை எட்டாதவை என்றார். அக்கண்டனத்தை முழுதும் ஏற்பினும் மறுப்பினும், அது சுட்டும் இடர் மெய்யானது. சீடர் ஆசானைப் பின்பற்றிப் பயிலும் பழைய முறையை விரித்தெழுதியவரும் அவரே. எனவே, அவர் மனங்கொள்ளாதது பயிற்சியையன்று. பயிற்சியோடு நின்றுவிடுதலையே என நாம் கொள்ளலாம்.

இவ்விடரினின்று தப்பும் வழிகள் சில. ஒரே ஓவியத்தின் பல அச்சுப்படங்களை, ஏடுகளை ஒப்புநோக்குவதுபோல, ஒப்புநோக்குதல் ஒன்று. உண்மைத் தைலவண்ண ஓவியங்களை ஒருமுறையாயினும் நேரிற் காணல் மற்றொன்று; உருவோவியத்தில் வல்லவரான ஹரி பீரிஸ் (1904–1988) வாழ்ந்த கொழும்பு பார்ன்ஸ் பிளேஸ் இல்லத்திற் சபுமல் நிறுவகத்தார் பேணும் ஓவியங்களை மாணாக்கர் சென்று காணலாம். மூன்றாவதே தலையாயது: படியெடுத்து முடித்த அன்றே ஒரு மனிதரை எதிரே இருத்தி எழுதத் தொடங்குதல்.

படியிலிருந்து மனிதருக்கு

அம்முயற்சி முதலில் மாணாக்கனைத் திகைக்க வைக்கும். ஒல்லாந்தப் பெண்ணின் வெண்முகத்துக்கு உதவிய கலவை, வயலில் நின்று காய்ந்த நம் முதியவரின் முகத்துக்கு உதவாது. ஒளிபடும் இடத்தைக் காட்ட வெள்ளையை மிகுதியாகச் சேர்த்தால், கரிய முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளிறும். உற்றுநோக்கின், கரிய தோலிற் பொதுப்பரப்பின் நிறம் ஆழ்ந்ததாகவே நிற்க, நெற்றியிலும் மூக்குநுனியிலும் விழும் ஒளி சிறியதாகவும் கூரியதாகவும் இருத்தலைக் காணலாம். வாயிலிலிருந்து வான்வெளிச்சம் வந்தால் அவ்வொளி சிறிது நீலம் சார்ந்திருக்கும். மாலை வெயிலாயின் பொன்னிறம் சாரும். நிழலிலோ சுட்ட சியன்னாவின் செம்மை உள்ளிருந்து ஒளிரும். இவற்றை வெர்மேர் எழுதிவைக்கவில்லை. ஆயினும், நிழலுக்கும் நிறமுண்டு, கண்வெள்ளை வெண்மையன்று, விளிம்பு எங்கும் ஒரேபோற் கூரியதன்று என்னும் கேள்விகளைக் கேட்கப் பழக்கியவர் அவரே. விடைகள் ஆசானுடையனவாயினும் கேள்விகள் மாணாக்கனுக்கு உரியனவாகிவிட்டன. படியெடுத்தலின் பயன் முற்றியமைக்கு அதுவே அடையாளம்.

நம் ஊர்களில் மறைந்த பெரியாரின் உருவம், மங்கிய சிறு நிழற்படத்தைப் பெரிதாக்கி வண்ணந்தீட்டியதாகவே பெரும்பாலும் சுவரில் தொங்குகின்றது. நிழற்படம் ஒரு நொடியின் தோற்றத்தைப் பற்றும்; ஓவியனோ பலநாள் ஒருவர்முன் அமர்ந்து அவர் முகத்திற் காலம் எழுதியதைப் படிக்கின்றான். அவ்வாறு எழுதவல்லார் ஊர்க்கு ஒருவர் தோன்றினும், நம் மக்களின் முகங்கள் பின்வருவார்க்கு உண்மையாக எஞ்சும்.

படிகளின் மற்றொரு தொண்டையும் கூறி அமைவாம். அஜந்தா ஓவியங்களை 1844 முதல் தைலவண்ணத்திற் படியெடுத்த றொபேட் கில் என்பவரின் படிகளுட் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் அழிந்தன. கிறிபித்ஸ் குழுவினரின் படிகளுள் பலவும் 1885இல் மற்றொரு தீக்கு இரையாயின. இவ்விழப்புக்கள் படியும் நிலையாது என அறிவுறுத்துவன. ஆயினும், நம் ஈழத்துச் சீகிரியாச் சுவரோவியங்களை, தொல்பொருளாய்வாளர் எச். சி. பி. பெல் அவர்களின் காலத்தில், டி. ஏ. எல். பெரேரா என்னும் வரைஞர் 1896, 1897ஆம் ஆண்டுகளில் உயர்ந்த பாறையருகே அமர்ந்து தைலவண்ணத்திற் படியெடுத்தார். அவை கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன. 1967ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்திலே தீயோர் சிலர் அச்சுவரோவியங்கள்மீது வண்ணம் பூசிச் சிதைத்தனர். வல்லுநர் முயன்று சீர்ப்படுத்தினரெனினும் இழந்த பகுதிகள் மீண்டில. அவை முன்னிருந்த நிலையைக் கூறும் சான்றுகளுள் பெரேராவின் படிகளும் அடங்கும்.

அவ்வரைஞர் தம்மை எழுதவில்லை. தாம் கண்டதைக் கறையும் சிதைவும் உட்பட உண்மையாக எழுதினார். ஆசானுக்குப் பணிந்து கற்றல், கண்டதை மறையாது எழுதல், பின்னர்த் தன் கண்ணாலேயே காணுதல் என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் வருவன. முதலதை இகழ்ந்து மூன்றாவதற்குத் தாவுவோன் இடறுவான்; முதலதிலேயே தங்குவோன் தேங்குவான். முறையறிந்து ஏறுவோனுக்குப் படியெடுத்தல் உண்மையிலேயே ஏறுபடியாய் அமையும்.